நானே துண்டித்த இணைப்பு

போர்ட் பிளேரில் இருந்தபடியே மற்றத் தீவுகளின் கணினிகளைச் சரிசெய்வது என் வேலை. எதையும் பட்டியல் போட்டு, வரிசைப்படிதான் செய்வேன். என் தவறும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

அன்று காலை வடக்குக் கோடித் தீவில் இருக்கும் திக்லிபூர் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரே, இங்கிருக்கும் டாக்டருக்கு வந்து சேரவில்லை. பாக்கு மரத்திலிருந்து விழுந்த ஒருவரின் கழுத்து. படத்தைப் பார்க்கும்வரை அவரை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். நான் இங்கிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்தேன். பட்டியலில் மூன்றாவது வரி: நெட்வொர்க்கை அணைத்து மறுபடி போடு. அணைத்தேன். என் திரை உறைந்தது. நான் உள்ளே போயிருந்ததே அந்த நெட்வொர்க் வழியாகத்தான். இனி அதை அங்கே இருப்பவர்தான் போட முடியும். நடுவில் படகேறிக் கடக்கும் பஸ்ஸில் நான் போனால் ஒரு பகல் ஆகும்.

போன் செய்தேன். எப்போதும்போல் அங்கே துப்புரவு வேலை செய்யும் அக்காதான் எடுத்தார். நர்ஸ் நோயாளியின் தலையைப் பிடித்தபடி நிற்கிறாராம்.

“கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருங்கக்கா.”

“அரே, யாரும் தொடக் கூடாதுன்னு நீதானே பேப்பர் ஒட்டச் சொன்ன?”

“தப்புதான்க்கா. ப்ளீஸ்.”

“டென்ஷன் மத் லோ, கவலப்படாத. எந்த பட்டன், சொல்லு.”

நெட்வொர்க் பக்கத்தைத் திறக்கத் தட்ட வேண்டியதை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். “இங்க ஒரு படம் மட்டும் செத்த மாதிரி வெளுத்துக் கிடக்கு,” என்றார். அதை எப்படி உயிர்ப்பிப்பது என்று சொன்னேன். என் திரை அசைந்தது. எக்ஸ்ரே கிளம்பியது. டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு முறிந்திருப்பதாகவும், கழுத்தை அசையாமல் கட்டி ஹெலிகாப்டரில் அனுப்பும்படியும் சொன்னார்.

பட்டியலில் அந்த மூன்றாவது வரிக்கு வரும்போது இப்போதும் எனக்குப் பயம்தான். அந்தக் கணினியின் எண் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒன்றரை வருடமாகப் போனில் பேசிவந்த அக்காவின் பெயரை அன்றுதான் கேட்டேன். ஸ்டெல்லா.