மேட்டு லயத்துக்கு மேலே ஒரு கோடு

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பூண்டுலோயாப் பக்கத்து தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றியிருந்த சிறிய குன்றுகளில் ஏறுவது பழக்கமாகிவிட்டது. பெரிய மலைகள் அல்ல. தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்திலிருந்து வேர்வை காய்வதற்குள் உச்சிக்குப் போய்விடலாம். அந்தச் சிரமத்துக்குக் கிடைக்கும் காட்சி அதிகம்.

தோட்டத்துக்கு எதிரே, ஓடைக்கு அப்பால் இருந்த குன்றை மொட்டைப்பாறை என்றார்கள். தெளிந்த காலையில் அதன் மேலிருந்து கொத்மலை வயல்கள் படிப்படியாகத் தெரியும். தென்மேற்கே சிவனொளிபாதமலையின் கூர்முனை தெரியும். எதிர்ச் சரிவில் எங்கள் தோட்டம் விரித்து வைத்ததுபோல் இருக்கும்: தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர், பள்ளிக்கூடம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயங்கள், எல்லாவற்றுக்கும் மேலே தனியாக மேட்டு லயம்.

என்னோடு வருபவன் கான் வெட்டும் வேலை செய்தவன். மழைநீர் மண்ணை அரித்துப் போகாமல் சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற நீண்ட வடிகாலைத்தான் கான் என்பார்கள். அவனுக்கும் என் வயதுதான். ஓய்வு நாளில் காரணமில்லாமல் மலையேறுவதை லயத்தில் யாரும் நல்ல புத்தியாக எண்ணவில்லை. அதனால் அவன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வருவான், இறங்கும்போது ஒரு கட்டு விறகு கொண்டுபோவான்.

"வெறுங்கையோட எறங்குனா, வாத்தியாரே, நம்ம ரெண்டு பேருக்கும் பேய் புடிச்சிருக்குன்னு பூசாரியக் கூட்டியாந்துருவாங்க" என்பான்.

வைகாசி மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு அந்தக் கோடு முதலில் எங்கள் கண்ணில் பட்டது. மேட்டு லயத்துக்கு மேலே ஒரு சரிவு இருந்தது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புல்லுக்கு விட்ட இடம். அந்தப் புல்லுக்குக் குறுக்கே பழுப்பாக ஒரு கீறல் ஓடியது.

"அங்க புதுசா கான் வெட்டுறீங்களா?" என்று கேட்டேன்.

"நாங்க இல்ல. வேற கங்காணி ஆளுங்களா இருக்கும்." கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தான். "வெட்டுன லச்சணத்தப் பாருங்க. நடுவுல தொங்குது. கயிறு புடிக்காம வெட்டியிருக்கானுங்க."

சிரித்தபடியே இறங்கினோம். தோட்டத்தில் எந்தச் சரிவைப் பார்த்தாலும் குறுக்கே கான் ஓடும். மண்ணில் ஒரு கோடு தெரிந்தால் யாரோ ஒருவர் மண்வெட்டியோடு போயிருக்கிறார் என்றே எங்களுக்குத் தோன்றும்.

அந்த வாரம் முழுவதும் மழை. அடுத்த ஞாயிறு ஏறிப் பார்த்தபோது கோடு இரண்டு பக்கமும் நீண்டிருந்தது. அவன் சிரிக்கவில்லை.

"எல்லாக் கங்காணிக்கிட்டயும் கேட்டுட்டேன். யாரும் வெட்டல."

விறகு வெட்டாமல் இறங்கி, ஓடையைக் கடந்து, அந்தச் சரிவில் ஏறினோம். அருகில் போனபோதும் அது சட்டென்று தெரியவில்லை. புல் இரு பக்கமிருந்தும் சாய்ந்து மூடியிருந்தது. அவன் விலக்கினான். கை முழுவதும் உள்ளே போகிற வெடிப்பு. விளிம்பு மண் ஈரமாக இருந்தது, மண்வெட்டி பட்ட அடையாளம் எங்கும் இல்லை. ஒரு கல்லைப் போட்டேன். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் நிமிர்ந்து கீழே பார்த்தான். நேர் கீழே மேட்டு லயத்தின் கடைசிக் காம்பரா, ஒரு குடும்பத்துக்கான ஒற்றை அறை. அதில்தான் அவன் தங்கை இருந்தாள். பிள்ளை பெற்று இன்னும் தீட்டுக் கழியாதவள்.

அன்று மாலையே வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் போனோம். அவர் லயத்தின் பின்புறம் வரை வந்து நின்று மேலே பார்த்தார். சரிவு நடுவில் புடைத்திருந்ததால் அங்கிருந்து வெடிப்பு தெரியாது.

"புல்லுதான் தெரியுது. எங்கடா கோடு?"

"மொட்டப்பாறையிலேருந்து பாத்தா நல்லாத் தெரியுங்க ஐயா."

"ஒங்கூட மலையேறி வேடிக்க பாக்கவா எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், நீங்க புள்ளைங்களப் பாருங்க. மலைய நாங்க பாத்துக்குறோம்."

தோட்டத்துத் துரையிடம் சொல்வதாகச் சொன்னார். சொன்னாரோ என்னவோ, யாரும் வரவில்லை.

தங்கையைக் கீழ் லயத்துக்குக் கொண்டுபோக அவன் அந்த வாரம் முழுவதும் அலைந்தான். அவளுடைய மாமியார் அசையவில்லை. முப்பது நாள் முடிந்து, காம்பராவைக் கழுவி, பிள்ளைக்குப் பெயர் வைத்த பிறகுதான் வாசல் தாண்டலாம் என்றாள். தங்கையின் புருஷன் தாயின் முகத்தையும் மச்சான் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கீழே இருந்த உறவுக்காரர்களும் தீட்டோடு வருகிறவளை வீட்டில் வைத்துக்கொள்ளத் தயங்கினார்கள். கெட்ட மனிதர்கள் அல்ல. ஒருத்தி அரிசியும் கருவாடும் கொடுத்தனுப்பினாள், இடம் மட்டும் தரவில்லை.

மூன்றாவது ஞாயிறு உச்சியில் நாங்கள் உட்காரவில்லை. கோட்டின் கீழ்ப்பக்கத்து நிலம் இறங்கியிருந்தது. கோட்டுக்கு இப்போது நிழல் இருந்தது, வெட்டி வைத்த படியைப்போல.

அவன் எனக்கு முன்னே வேகமாக இறங்கினான். நான் மேட்டு லயத்தை அடைந்தபோது அவன் கூரைமேல் இருந்தான். தகரங்களின் மேலிருந்த கற்களைத் தள்ளிவிட்டு, கத்தி முனையால் ஆணிகளை நெம்பிக்கொண்டிருந்தான். முதல் தகரம் பெரும் சத்தத்தோடு பின்கானில் விழுந்தது. லயமே வெளியே வந்துவிட்டது. தங்கை பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு, லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்றாள்.

"அண்ணே, என்னா செய்யுற?"

"ஒன் காம்பராவுக்கு வானத்தக் காட்டுறேன்."

மாமியார் மண்ணை வாரி அவன் பக்கம் வீசினாள். "பச்ச ஒடம்புக்காரி தலையில மழைய ஊத்துறியே, நீயெல்லாம் ஒரு தாய்மாமனா?"

"தாய்மாமந்தான். அதனாலதான் ஏறியிருக்கேன்."

பக்கத்துக் காம்பராக்காரர் கம்போடு வந்தார். "எங்க தகரத்துல கைய வச்ச, தொலைச்சிருவேன்."

"ஒங்களுதையும் கழட்டிவிடவா, மாமா? புண்ணியமாப் போவும்" என்றான் அவன். கேலியாகச் சொல்லவில்லை. அவர் கம்பை ஓங்கிக்கொண்டே தன் வாசலில் போய் நின்றுகொண்டார்.

கண்டாக்கு வந்தபோது அந்தக் காம்பராவுக்குக் கூரை இல்லை. தூறல் தொடங்கியிருந்தது. பிள்ளை அழுதது. கூரையில்லாத இடத்தில் பச்சைக் குழந்தையை வைத்திருக்க அவராலும் சொல்ல முடியவில்லை. கீழ் லயத்தில் உர மூட்டை போட்டுவைத்த காம்பரா ஒன்றைத் திறக்கச் சொன்னார். யாரும் குடியிராத இடம், யாருக்கும் தீட்டு இல்லை. மாமியார் கடைசிவரை திட்டிக்கொண்டே பாயைச் சுருட்டினாள். தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் கீழே நடந்தாள்.

தோட்டத்துச் சொத்தைச் சேதப்படுத்தினான் என்று மறுநாள் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், எல்லோர் முன்பும் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தகரப்பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனான். தங்கை அவனை வழியனுப்ப வரவில்லை. தீட்டு இன்னும் கழியவில்லை.

கூரையை அந்த வாரமே சரிசெய்தார்கள். பழைய தகரங்கள் வளைந்துபோனதால் புதியவை போட்டார்கள். தங்கை குடும்பம் கீழேயே தங்கிவிட்டதால், புதுத் தகரம் வந்ததும் அந்தக் காம்பராவுக்குப் போட்டி வந்துவிட்டது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்குக் கிடைத்தது. அந்தப் பையனை வழியில் நிறுத்தி வெடிப்பைப்பற்றிச் சொன்னேன்.

"கண்டாக்கையா வந்து பாத்துட்டாருங்களாம், சார்" என்றான். "எங்க வீடு ஒண்ணுதான் அந்த லயத்துல ஒழுகாது."

நான் அங்கிருந்தவரை சரிவு அசையவில்லை. றொசல்லப் பக்கம் மாற்றலாகிப் போவதற்கு முந்திய ஞாயிறு தனியாக மொட்டைப்பாறையில் ஏறினேன். துருப்பிடித்த நீண்ட கூரையின் ஓரத்தில் புதுத் தகரம் பளபளத்தது. அதன் கீழிருந்து அடுப்புப் புகை எழுந்தது. இஸ்தோப்பில் அந்தப் புதுப்பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளத்தாக்கிலிருந்து மழை ஏறி வந்தது. முதலில் வயல்கள் மறைந்தன, பிறகு ஸ்டோர், கீழ் லயங்கள், கடைசியில் தகரமும் மறைந்தது. கோடு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தெரிந்தது.