நீலக்கரை போட்ட விரிப்பு

“அந்தப் பொண்ணு ராஜாகிட்ட, ‘நான் செய்யல’ன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?” என்று, நான் படித்துக் காட்டிய நாடகத்தைப் பற்றிச் சித்தி கேட்டாள். கேட்டுவிட்டு, விரிப்பின் தன் பக்க முனைகளை என் கையில் கொடுத்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் பதினாறு வருடமாக வேலை பார்த்தவள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் எல்லோர் உயிரையும் நான் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. “சும்மா உக்காந்து சுவத்தை முறைக்கிறதுக்குத் துணியாவது மடி” என்று என்னையும் அங்கே தற்காலிகமாகச் சேர்த்துவிட்டாள்.

கட்டில் விரிப்பை ஒருவரால் மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விலகி நின்று உதற வேண்டும். பிறகு நடந்து வந்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். இஸ்திரி இயந்திரத்தின் இரைச்சலில் விலகி நிற்கும்போது எதுவும் காதில் விழாது. அதனால் பேச்செல்லாம் கிட்ட வரும்போதுதான். ஒருத்தி ஒன்றைச் சொல்லிவிடுவாள்; மற்றவள் அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பின்னால் நகர்வாள். ஒரு வாதம் முடிய இருபது விரிப்பு பிடிக்கும்.

நூலகத்தில் எடுத்த பழைய கிரேக்கக் கதைகளைச் சாப்பாட்டு நேரத்தில் நான் படித்துக் காட்டுவேன். கேட்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சித்தி. இன்னொருத்தி அவளோடு சேர்ந்து மடிக்கும் அக்கா. டிபன் பாக்ஸின் மூடியைக் கீழே வைப்பதற்குள் பாதியைச் சாப்பிட்டுவிடுவதால் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர்.

முதலில் ஒரு போர்க் காவியம். மகனைக் கொன்றவனின் கூடாரத்துக்கே ஒரு கிழட்டு ராஜா தனியாகப் போகிறான். கொன்ற கையை முத்தமிட்டு மகனின் உடலைக் கேட்கிறான். அன்று அவசரம் சாப்பிடவே இல்லை. சித்தி மட்டும், செத்தவனைத் திருப்பிக் கொடுப்பதற்கு இவ்வளவு பிகு எதற்கு என்று கேட்டாள்.

அடுத்தது ஒரு துன்பியல் நாடகம். அண்ணன் தம்பி இருவர் சண்டையிட்டு மடிகிறார்கள். ஒருவனை யாரும் அடக்கம் செய்யக்கூடாது என்று ராஜா உத்தரவு போடுகிறான். தங்கை போய் மண்ணைப் போடுகிறாள். பிடிபட்டதும், “ஆமாம், நான்தான்” என்கிறாள். அவசரம் முழுக்க அந்தப் பெண் பக்கம். சித்தி எதிர்ப்பக்கம். மண் விழுந்ததோடு காரியம் முடிந்தது, பிறகு எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி. ராஜாவும் பாவம், ஒரு முறை இறங்கிப்போனால் பிறகு யார் மதிப்பார்கள் என்று நான் சொன்னேன். “அது எல்லா சூப்பர்வைசருக்கும் இருக்கிற பயம்தான்” என்றாள் சித்தி. நான்கு நாள் இதே பேச்சு.

ஐந்தாம் நாள் காலையில் பிணவறை ஊழியர் வந்தார். சொந்தக்காரர் யாரும் வராத உடல்களைச் சுற்ற, ‘கழிவு’ என்று சிவப்பு முத்திரை குத்திய விரிப்பைத்தான் கொடுக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. அன்று கழிவுக் குவியலில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. இயந்திரத்தில் சிக்கிக் கருகி, நடுவில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை.

யார் இறந்தது என்று சித்தி கேட்டாள். ஏழாம் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில் என்றார் அவர். சித்தி அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் பதினோரு நாளாக அந்தக் கட்டிலின் விரிப்பைத் துவைத்தவள். எந்த நாள் ரத்தம் வந்தது, எந்த நாள் அவருக்குச் சாப்பாடு உள்ளே தங்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஓட்டை விரிப்பைத் திரும்பக் குவியலில் போட்டாள். தனி அறைகளுக்கென்று வந்திருந்த நீலக்கரை போட்ட புது விரிப்பு ஒன்றை எடுத்தாள். “அவசரம், அந்தப் பக்கம் பிடிடி” என்றாள். இருவரும் ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்துக் கொடுத்தார்கள்.

பிணவறை வாசலில் நீலக்கரையைப் பார்த்த யாரோ மேலே சொல்லிவிட்டார்கள். மறுநாள் சித்தியைக் கூப்பிட்டார்கள். மடித்த துணிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் அந்த அறை வாசலில் நின்றேன். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. வேலை போய்விடும் என்பதை மெதுவாகத்தான் சொன்னார். ஒரு தாளையும் நகர்த்தினார்.

“தப்பா மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“மாறிப்போகல சார். தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

“அடுத்த தடவையும் இப்படித்தான் செய்வீங்களா?”

“கிழிஞ்சதைத்தான் குடுக்கணும்னா, அதை நீங்க உங்க கையால குடுங்க. என் கையால வராது.”

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். “பொய் சொன்னா என்னன்னு நீதானே சித்தி நாலு நாளா கத்தின?”

“கத்தினேன்தான்” என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு நின்றாள். “மாறிப்போச்சுன்னு எழுதினா, அந்தாளுக்கு நல்ல துணி போனதே தப்புன்னு ஆயிடும்லடி. அந்தப் பொண்ணுக்கும் இதுதான் தொண்டையில நின்னிருக்கும். எனக்கு அப்ப தெரியல.”

அடுத்து நடந்ததோடு கதை முடிந்திருந்தால் சித்திக்கு வேலை இருந்திருக்கும். சூப்பர்வைசர் அவளைக் காப்பாற்ற நினைத்து, தானே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்: ‘கவனக்குறைவால் ஒரு விரிப்பு இழப்பு. ஊழியர் எச்சரிக்கப்பட்டார்.’ எல்லோரும் தப்பித்தாய் என்று சித்தியின் முதுகில் தட்டினார்கள். வீட்டில் அம்மாகூட நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

சித்தி அதை இரண்டு முறை படித்தாள். விரிப்பில் வார்டு எண்ணும் கட்டில் எண்ணும் எழுதும் பேனாவின் மை, எத்தனை முறை துவைத்தாலும் போகாதது. அந்தப் பேனாவை எடுத்து வந்து, ‘கவனக்குறைவால்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘தெரிந்தே’ என்று எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டாள். அவசரம் ஓடிவந்து பேனாவைப் பிடுங்கினாள். தடுக்க வருகிறாள் என்றுதான் நினைத்தேன். ‘மடித்துக் கொடுத்ததில் நானும் உண்டு’ என்று எழுதினாள்.

சாயங்காலத்துக்குள் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நானும் போகவில்லை. இப்போது இருவரும் ஒரு விடுதியின் துணிகளைத் துவைக்கிறார்கள். வேலை அதிகம், முதுகு வலிக்கிறது என்கிறாள் சித்தி. ஆனால் ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பேசியதில்லை.

பலகையிலிருந்த தாளைக் கிழித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கோப்பில் இன்னும் ‘கவனக்குறைவு’ என்றே இருக்கிறதாம். அதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன். நீங்கள் படித்தால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். என் சித்தி தெரிந்தே கொடுத்தாள் என்று சொல்லுங்கள்.