யாருக்கு நேர்ந்த மொட்டை

கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர எனக்கு உத்தரவு வந்த அன்றே அம்மா மொட்டைப் பேச்சை எடுத்துவிட்டாள்.

ஒரு வயதில் எனக்குக் காய்ச்சலில் கண் செருகிவிட்டதாம். பிழைத்தால் பிறந்த முடியைக் கொடுத்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதாகத் திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் குலதெய்வத்துக்கு அம்மா நேர்ந்துகொண்டாள். பிழைத்தேன். வேலை தேடி மலையாள நாட்டுக்கு வந்து, சாலைச் சந்தைக் கடைகளில் சுமை தூக்கிய அப்பாவுக்கு ஊருக்குப் போக வாய்க்கவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது, பேன் என்று சொல்லி, கரமனையில் ஒரு முடிவெட்டும் கடையில் அந்த முடியை ஒட்ட வழித்துவிட்டார்கள்.

நேர்ச்சையைத் தீர்க்காமல் புது வேலையில் கால் வைத்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அம்மா பயந்தாள். சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை அவளுக்கு.

வீட்டில் முதலில் படித்தவன் நான், வாதாடினேன். அந்த முடி எப்போதோ போய்விட்டது. காய்ச்சல் எனக்கு நினைவில்லை. அந்தக் குழந்தைக்கு ஒரு வார்த்தை மலையாளம் தெரியாது; நான் தூக்கத்தில் உளறுவதே மலையாளத்தில்தான் என்று சொல்பவளும் அம்மாதான். அவனுக்கு நேர்ந்ததை நான் எப்படித் தீர்ப்பது?

“முடி வேறயா இருக்கட்டும். தலை அதுதானலே?” என்றாள்.

உடம்பு அதுவல்ல, பேச்சு அதுவல்ல, நினைவும் இல்லை. அவனையும் என்னையும் ஒரே ஆளாகப் பிடித்து வைத்திருப்பது அம்மாவின் ஞாபகம் மட்டும்தானா? அவள் காலத்துக்குப் பிறகு? இதை அவளிடம் கேட்கத் துணிவில்லாமல் அவளோடு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

கோயிலில் நாவிதர் கத்தியில் புது பிளேடைச் செருகியபடி, “பிள்ள எங்க?” என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள். அவர் என் மீசையைப் பார்த்தார், தலையில் தண்ணீர் தெளித்தார்.

மொட்டை முடிந்தது. கட்டட வேலையில் முட்டி தேய்ந்த மாமா சம்மணமிட்டு, “சாரமில்ல மருமவனே, ஒண்ணும் ஆவாது, இரி,” என்று தொடையைத் தட்டினார். முழுப் பாரத்தையும் வைக்க மனமில்லாமல், காலை ஊன்றிப் பாதி உட்கார்ந்தேன்.

“உத்தியோகம் வந்ததும் மாமன் மடி கசக்குதோ?”

உட்கார்ந்துவிட்டேன். காதில் ஆசாரியின் கம்பி இறங்கியபோது கண்ணில் நீர் முட்டியது. அம்மா சந்தனத்தைக் குழைத்து என் தலையில் மெதுவாகத் தடவினாள்.

“இனிமே ஒனக்கு ஒண்ணும் வராது மக்கா.”

அந்தக் குழந்தையிடம் சொல்கிறாளா, என்னிடமா என்று எனக்குத் தெரியவில்லை. பதிலை எதிர்பார்த்து நின்றாள். சரிம்மா என்றேன்.