இரண்டாவது தடவை படித்தது யார்

“எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றாங்களே, அங்கதான் ஏதோ இடிக்குது.”

இந்தப் பாட்டை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பாடாவிட்டால் மோப்பம் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. அலுவலகம் வைத்த பட்டப்பெயர் அது. கேள்விப்பட்ட அவர் கணவர், “ரொம்பக் கம்மியா வச்சிருக்காங்க” என்றார். கடைக்குப் போய் வந்தால்கூட யார் கூப்பிட்டார்கள், எதைத் தொட்டீர்கள், என்ன கொண்டு திரும்பினீர்கள் என்று விசாரணை நடக்கும் வீடு.

வேலையும் அதேதான். பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் எஞ்சினைப் பிரித்து, உள்ளே ஒரு வேவுக் கருவி வைத்திருந்தார். ஃபங்ஷன் என்னும் கட்டளைத் தொகுப்புகளில் எது எதைக் கூப்பிட்டது, ப்ராப்பர்ட்டி என்னும் தகவல் அறைகளில் எதை யார் படித்தது, எல்லாம் வரிவரியாகப் பதிவாகும். போன வாரம்தான், படித்த மதிப்பையும் சேர்த்து எழுதும்படி கருவியை மாற்றியிருந்தார்.

அன்று காலை பதிவில் ஒரு வரி உறுத்தியது. வாடிக்கையாளர் இணையதளத்துக்குள் நுழையும்போது பாஸ்வேர்டு இரண்டு தடவை படிக்கப்படுகிறது. முதல் தடவை சர்வருக்கு அனுப்ப. இரண்டாவது? கூப்பிட்டவர் பெயரே இல்லை.

அந்த நுழைவுப் பக்கத்துக்கு நிரல் எழுதியவள் எதிர் மேசைக்காரி. வாயே திறக்காததால் அவளுக்கு ‘அமைதி’ என்று பெயர்.

“பேசாதவங்கள நம்பவே கூடாது” என்று அக்கா மேனேஜரிடம் பதிவை நீட்டினார்.

மேனேஜர் அமைதியைக் கூப்பிட்டார். “சாயங்காலத்துக்குள்ள இதுக்கு விளக்கம் வேணும்மா. இல்லன்னா நாளைக்கு வர வேண்டாம்.”

“நான் ஒரு தடவைதான் படிக்கிறேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போய் உட்கார்ந்தாள். அவள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனதையும், போனைக் கவிழ்த்து வைத்ததையும் அக்கா ஓரக்கண்ணால் குறித்துக்கொண்டார்.

குற்றத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு சாட்சி வேண்டும். அமைதி எழுதிய வரி ஒன்றும் இல்லாத வெற்றுப் பக்கம் ஒன்றில் ஒரே ஒரு பாஸ்வேர்டு பெட்டி வைத்து, அதை ஒரே தடவை படிக்கும் வரியைத் தானே எழுதி ஓட்டினார். இங்கே ஒன்று என்று வந்தால், அங்கே திருட்டு உறுதி.

இரண்டு என்று வந்தது.

அக்கா தன் கருவியின் நிரலைத் திறந்து பார்த்தார். மதிப்பைப் பதிவில் எழுதுவதற்காக அவர் கருவியே பாஸ்வேர்டு இருக்கும் ப்ராப்பர்ட்டியை மறுபடி கேட்டிருக்கிறது. மற்ற ப்ராப்பர்ட்டிகளில் மதிப்பு எடுத்துக்கொள்ளும்படி சும்மா கிடக்கும். இதுவோ, கேட்டால் உள்ளே ஒரு ஃபங்ஷன் ஓடித்தான் பதில் தரும். அந்த ஓட்டத்தையும் கருவி விசுவாசமாகப் பதிந்து வைத்திருக்கிறது.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து மேனேஜர் அறைக்குப் போய், “சார், அது நான்தான்” என்றார்.

அறைக் கதவு திறந்திருந்ததால் அது வெளியேயும் கேட்டிருந்தது. அக்கா திரும்பி வந்தபோது அமைதி தலை நிமிர்ந்தாள். “ஆக, திருடி நீங்கதானாக்கா? காலைலேருந்து என் தண்ணி பாட்டிலைக்கூட சந்தேகப்பட்டீங்க. நான் வாயைத் திறக்கலங்கிறதுக்காகத் தலையையே எடுத்துருவீங்க போல.”

அக்கா நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“திருடியும் நான்தான், பிடிச்சதும் நான்தான், தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்கோ. அது முடிஞ்சுது. இவ்வளவு பேசத் தெரிஞ்சவ இத்தனை நாளா ஏன் பேசாம இருந்த? அங்கதான் ஏதோ இடிக்குது.”