சிமெண்ட், மெழுகு, வெள்ளி

மலைமேல் வாசலூர்பட்டியில் போர்டு பள்ளிக்கூட வாத்தியாராக நான் இரண்டு வருஷம் தனியாக இருந்தேன். யுத்தத்துக்கு முந்தின காலம். சேலம் போக வேண்டுமானால் விடியலிலேயே காட்டுப் பாதையில் இறங்கி, அடிவாரத்தில் பஸ் பிடிக்க வேண்டும்.

என் இடது கடைவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு ஒன்று இருந்தது. ஐந்து வருஷமாகியும் அது அசையவில்லை. வலது பக்கச் சொத்தையில், மலையேறும் முன் சேலத்துப் பல் டாக்டர் சிமெண்ட் வைத்தார். "கூச்சம் அடங்கட்டும். ஆறு மாசத்துல வாங்க, வெள்ளி வெச்சுடலாம். சிமெண்டை எச்சிலே கரைச்சிடும்" என்றார்.

நான் போகவில்லை. ஆடி மழையில் ஒருநாள் தினைச் சோற்றில் கல் கடிபட்டு, சிமெண்ட் பெயர்ந்து வந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு என்னோடு பேச யாருமில்லை. வலியோடு மூன்று நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

நான்காம் நாள் மலையின் இன்னொரு பகுதியான குண்டனி நாட்டிலிருந்து ஒருவர் தேன் விற்க வந்தார். என் வயதுதான் இருக்கும். மனைவியை இழந்தவர்.

"ஏனுங்க வாத்தியாரே, கன்னம் இப்படி வீங்கிக் கெடக்குது?"

சொன்னேன். தேன்மெழுகை அனலில் காட்டி, கிராம்புத் தூளைப் பிசைந்து, குழியில் வைத்து அழுத்தினார். "நாலு நாளைக்குத் தாங்குமுங்க. சுடச்சுடத் தின்னா அதுவுமில்லீங்க."

சொன்னபடியே நாலு நாளில் மெழுகு போயிற்று. அவர் மறுபடி வந்தார். மழைக்காலம் முழுவதும் இப்படித்தான். மெழுகு வைக்க ஐந்து நிமிஷம். பிறகு இரண்டு மணி நேரம் பேச்சு. பாறையில் தேனெடுக்கும்போது கரடி துரத்தியதைச் சொல்வார். தனக்கு மட்டும் உலை வைப்பது பழகவே இல்லை என்பார். அவர் வரும் நாளில் நான் வீட்டைப் பெருக்கி வைத்தேன். பிறகு மெழுகு சீக்கிரம் இளகட்டும் என்று மூன்றாம் நாளே கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்தேன்.

தை மாதம் வலி தலைக்கு ஏறியது. சேலம் போனேன். டாக்டர் திட்டிக்கொண்டே குடைந்து வெள்ளி அடைத்தார். "இனி பதினஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல."

தேன்காரர் வந்து பார்த்தார். "இரும்பாட்டம் இருக்குதுங்க. இனி மெழுகுக்கு வேலையில்லீங்க." காப்பி குடித்துவிட்டுப் போனார். மூன்று வாரம் வரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. சந்தைக்குப் போன ஊர்க்காரர் ஒருவரிடம், வலது பல் மறுபடி வலிக்கிறது என்று சொல்லியனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே மெழுகோடு ஓடி வந்தார். வாயைத் திறந்தேன். வெள்ளி முழுசாக இருந்தது. அவர் அதை நன்றாகப் பார்த்துவிட்டார். என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. மெழுகை அனலில் காட்டி, வெள்ளியின் மேலேயே மெல்லிசாகப் பூசினார். கை கழுவினார். "காப்பி இருக்குங்களா?" என்றார்.

கிளம்பும்போதுதான் சொன்னார்: "வலிக்குதுன்னு சொல்லி வுட வேண்டாமுங்க. சும்மா வரச் சொன்னாலே வாரேனுங்க."

சரியென்று தலையாட்டினேன்.

அதன்பின் நான்கைந்து முறை வந்தார். சித்திரையில் எனக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தபோது அவர் தேனெடுக்கக் காட்டுக்குள் போயிருந்தார். இரண்டு நாள் காத்திருந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது; கடிதம் எழுதி வைப்பதிலும் பயனில்லை. அவர் ஊருக்கு நடந்துபோய், பூட்டிய வீட்டின் முன்னால் சற்று நின்றேன். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மலையிறங்கினேன்.