கவுன்சலிங்குக்கு என்னையும் அழைத்திருந்தார்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பித்தேன். அப்பா இல்லாத வீடு. வெளிவேலையெல்லாம் அம்மாவின் தம்பிதான் பார்ப்பார். எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளின் செல் நம்பரை வெளியில் கொடுக்கமாட்டார்கள். அதனால் கொரட்டூர் பிரவுசிங் சென்டரில் மாமாவின் நம்பரையே பதிவு செய்தோம்.

கவுன்சலிங் மெசேஜ் வந்ததா என்று தினமும் அவரிடம் கேட்பேன். "இன்னும் வர்ல கண்ணு, வந்தா சொல்ல மாட்டனா?" என்பார்.

ஒரு நாள் ரயில் நிலையத்தில் பள்ளித் தோழி பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, கவுன்சலிங்குக்கு வரல? என்னவிட உனக்குத்தான மார்க் ஜாஸ்தி. எனக்கே சீட் கெடச்சிடுச்சு!"

வீட்டில் மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மறுக்கவில்லை.

"போன மாசமே மெசேஜ் வந்துச்சு, நான்தான் சொல்லல. ஹாஸ்டலு, நைட் டூட்டின்னு போனா நாளைக்கு உன்ன எவன் கட்டுவான்?"

அம்மா அவரைத் திட்டுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அம்மா தம்பியிடம் சொன்னார்: "நீயே பக்குவமா சொல்லிக்கிறேன்னியேடா."

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. முந்தைய வாரம்தான் ஆவடிக்கு அழைத்துப்போய் நர்சிங் யூனிஃபார்முக்கென்று எனக்கு வெள்ளை ஷூ வாங்கித் தந்திருந்தார். கடையில் குனிந்து, ஷூவின் முனையை விரலால் அழுத்திப் பார்த்து, "நாலு வருஷம் போடணும், ஒரு சைஸ் பெருசா குடுப்பா" என்று மாற்றி வாங்கினார்.

மாமாவிடம் அன்றே கத்தித் தீர்த்தேன். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்தேன். சீட் கிடைக்கும்வரை அம்மாவுக்குத் தெரியாது. ஒன்றை மறைத்துக்கொண்டே ஒருவரோடு சிரித்துப் பேச முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்திருந்தேன்.