சில்வர் ஓக் மரத்தில் எழுதிய பேர்

போன வாரம் எங்கள் மலையில் ஒண்டிக்கடை முக்கில் காப்பித்தூள் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற சேலத்துக்காரர், "சிக்கரி கொஞ்சம் கூடவே போடுங்க" என்றார். கடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் கருகின வெல்லம் மாதிரி அந்த வாசனை முகத்தில் அடித்தது. காப்பி விளையும் மலையில் பிறந்தவர்களுக்குச் சிக்கரி என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். எனக்கு இளக்காரம் இல்லை, எரிச்சல். அந்தச் சிக்கரிச் செடியை வயலில் போட்டு வேரைத் தோண்டி எடுக்கிற ஊரில்தான் என் சிநேகிதி செசிலி இருக்கிறாள். பெல்ஜியத்தில், ஃபிளாண்டர்ஸ் என்கிற பக்கம், ஒரு குட்டி ஊர். மனுஷர் மேல் பொறாமைப்படுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஊரின் மேல் பொறாமைப்பட்டு வயதான பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செசிலியும் நானும் கொட்டச்சேட்டில் எஸ்டேட் லயனில் பிறந்தவர்கள். லயன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கூலிக்காரர் வீடுகள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அங்கே கருவாடு வறுத்தால் எங்கள் சோறு அந்த வாசனையிலேயே இறங்கிவிடும். பள்ளிக்கூடம் முடித்து இருவரும் எஸ்டேட் குடோனில் காப்பிக் கொட்டை பொறுக்கப் போனோம். கறுப்புக் கொட்டையை ஒதுக்குவதில் அவள் கை வேகம், எனக்கு வாய் வேகம். காப்பி எப்படிக் காய்கிறது என்று பார்க்க வந்த வெள்ளைக்காரப் பையன் யான், பார்த்துக்கொண்டிருந்தது காப்பியை மட்டும் இல்லை என்பது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அடுத்த அறுவடைக்குள் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, அவனுக்கும் செசிலிக்கும் கல்யாணமும் முடிந்துவிட்டது.

யானோடு அவன் ஊருக்குப் போக பஸ் ஏறும்போது செசிலி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அழுவாத புள்ள. வயசானா இங்கதான் வருவேன். உன் ஊட்டுப் பக்கத்துலயே ஒரு ஊடு கட்டிக்குவேன்."

நான் அதை நம்பினேன். பிற்பாடு எனக்கும் கல்யாணமாகி ஊர்க்கோடியில் நாங்கள் வீடு கட்டியபோது, பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஆகிற இடத்தை விட்டுத்தான் கட்டினோம். அந்த இடத்தில் கொத்தமல்லியும் புதினாவும் தவிர வேறொன்றும் நான் போட்டதில்லை. வேர் ஆழமாகப் போகிற எதையும் போட மனம் வரவில்லை.

அந்த ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன். அவள் போனில் சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம். நடுவில் ஒரு சர்ச், அதன் கோபுரம் வயல்காட்டில் எங்கே நின்றாலும் தெரியும். எதிரே பீர் விற்கிற கடை. ரொட்டி சுடுகிறவர் வயதாகிக் கடையை மூடியதும், சுவரில் ஒரு பெட்டி வைத்தார்களாம், காசு போட்டால் ரொட்டி வரும். ஊரில் மேடு என்று சொல்ல வாய்க்கால் பாலத்தின் முதுகு ஒன்றுதான். அதில் சைக்கிள் மிதிக்கவே அவளுக்கு மூச்சு வாங்குமாம், கொட்டச்சேட்டு ஏற்றத்தில் விறகுச் சுமையோடு ஓடியவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லாரும் பந்தயப் புறா திரும்புகிறதா என்று கொல்லையில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது. நகராட்சி ஆபீஸில் மனு வாங்க ஒரே ஜன்னல். மேயர் பன்றிப் பண்ணைக்காரர். கல்யாணமாகி ஐம்பது வருஷமான ஜோடி இருந்தால் பூங்கொத்தோடு அவரே சைக்கிளில் வந்துவிடுவார்.

நானும் சும்மா இருக்க மாட்டேன். "நாலு மணிக்கே இருட்டிருமாமே, அதென்ன ஊரு?" என்பேன். "மலையே இல்லாத ஊர்ல எதைப் பாத்துட்டு எந்திரிப்பே?" என்பேன். அவள் சிரிப்பாள். ஒருநாள் அப்படிச் சிரித்துக்கொண்டே, "எங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான் புள்ள" என்றாள். எங்க ஊர். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவளுக்கு லீனா பிறந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. அந்த ஊரில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நகராட்சி ஒரு மரம் நட்டு, பேர் எழுதிய பலகை வைக்குமாம். லீனாவுக்கு ஓக் மரம் வைத்தார்கள். இங்கே திரும்பின பக்கமெல்லாம் காப்பிக்கு நிழலாக சில்வர் ஓக். ஒன்றில்கூட எங்கள் பேர் இல்லை. எல்லாம் எஸ்டேட் மரம். என் பையன் பிரபுவும் அதே வருஷம்தான் பிறந்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வாசக்காலுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளை பெயிண்டை எடுத்துக்கொண்டு போனேன். இருந்ததிலேயே உயரமான சில்வர் ஓக்கில், மிளகுக்கொடியை ஒதுக்கிவிட்டு, பிரபு என்று எழுதினேன். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

எஸ்டேட்டில் மரத்தில் பெயிண்ட் அடித்தால் என்ன அர்த்தம் என்று அங்கேயே பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். வெட்டுகிற மரத்துக்குத்தான் பெயிண்ட். பொறாமை கண்ணை மறைக்கும்போது பெயிண்டா தெரியும்? அடுத்த வாரம் போனால் அடிக்கட்டை மட்டும் இருந்தது. கணக்கெழுதுகிற எஸ்டேட் ரைட்டரிடம் ஓடினேன்.

"ஏனுங்கம்மா, குறி போட்ட மரத்தத்தான் வெட்டச் சொன்னமுங்க" என்றார் அவர். "நம்பருக்குப் பதிலா என்னமோ எழுதியிருக்குதுன்னாங்க. மர வியாபாரி பேரா இருக்கும்னு நானுந்தான் நெனச்சனுங்க."

செசிலியிடம் சொன்னேன். பெல்ஜியத்தில் இருந்து இங்கே வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாள். நானும் சிரித்தேன், உள்ளே மட்டும் எரிந்தது.

போன வாரம் கடையில் சிக்கரி வாசனை முகத்தில் அடித்த அன்று சாயங்காலமே அவள் வீடியோவில் வந்தாள். கண் வீங்கியிருந்தது. பக்கத்து டவுனோடு அந்த ஊரைச் சேர்த்துவிட்டார்களாம். ஒற்றை ஜன்னல் ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். மேயர் பதவியும் இல்லை.

"ஊரு போர்டை மாத்திட்டாங்க புள்ள. டவுன் பேரு பெரிசா, எங்க ஊரு பேரு அடியில பொடிசா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் திட்டாதீர்கள். அந்த ஊர் தோற்றது, இனி இவள் நமக்குத்தான் என்றே நினைத்தேன்.

"அப்பறம் அங்க என்னத்துக்குப் புள்ள இருக்கோணும்? இடம் அப்படியே இருக்குது, வந்துரு" என்றேன்.

"எப்படி வர்றது?" என்றாள். "நம்ம லயனையும் இடிச்சு காட்டேஜ் கட்டிட்டாங்கன்னு நீதான சொன்னே? இங்க பேரு போனாலும் லீனா மரம் நிக்குது. இப்ப அது மாடி ஒசரம். அதை உட்டுட்டு வர முடியல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கென்ன புள்ள, பஸ்ஸு போர்டுல உங்க ஊரு பேரு பெரிசாவே இருக்குது. எனக்கு நொம்பப் பொறாமையா இருக்குது."

இத்தனை வருஷமும் அவள் வாயிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்டது அந்த வார்த்தைதான். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் நர்சரியில் ஒரு சில்வர் ஓக் கன்று வாங்கி வந்து, புதினாவைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தின் நடுவில் குழி தோண்டினேன். பிரபு வேலைக்குக் கிளம்பியவன் நின்று பார்த்தான்.

"இங்க செசிலியம்மா ஊடு கட்டறதில்லையாம்மா?"

"இல்ல கண்ணு" என்றேன்.

கன்று நன்றாக நிற்கிறது. பேர் மட்டும் எழுதவில்லை.